டிஜே தாத்தா

போன தை மாதம் அக்கா மகளின் கல்யாண வரவேற்பில் ஒன்று நடந்தது. மொத்தம் அஞ்சு நிமிஷம்கூட இருக்காது. யாரும் சண்டை போடவில்லை, யாரும் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் போகவில்லை, பாட்டுகூட ஒரு நொடி நிற்கவில்லை. அன்றைக்கு வந்திருந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியாது. ஆனால் எனக்கு அது பல்லிடுக்கில் மாட்டிய பாக்குத்தூள் மாதிரி ஆகிவிட்டது. நாக்கு திரும்பத் திரும்ப அங்கேயே போகிறது.

விஷயம் இதுதான். என் மாமா, அம்மாவின் தம்பி, பாலக்காட்டில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கம் நாற்பது வருஷமாக மைக் செட் வைத்திருப்பவர். குழாய் ஸ்பீக்கரும் ரெக்கார்டும் இருந்த காலத்தில் ஆரம்பித்து கேசட், சிடி, பென் டிரைவ் என்று எல்லாவற்றையும் பார்த்தவர். தொண்ணூறுகளின் கடைசியில் ரெண்டு சிடி பிளேயரும் ஒரு மிக்சரும் வாங்கி, கடை போர்டில் 'சவுண்ட் சர்வீஸ்' என்பதற்குக் கீழே 'டிஜே' என்று பெயிண்டரை வைத்துச் சேர்த்து எழுதிக்கொண்டார். வேலந்தாவளம், எருத்தேம்பதி, மீனாட்சிபுரம், அந்தப் பக்கம் சித்தூர் வரைக்கும் ஒரு காலத்தில் கல்யாணத் தேதி குறிப்பதற்கு முன்னால் மாமாவுக்கு அந்த நாள் காலியா என்று கேட்டுக்கொள்கிற வீடுகள் இருந்தன. எங்கள் குடும்பத்துப் பொடியன்களுக்கு அவர் 'டிஜே தாத்தா'.

கல்யாணப் பெண்ணுக்குத் தாய்மாமன் நான். சீர்த்தட்டு, மோதிரம், அதெல்லாம் என் பொறுப்பு. மாமா மட்டும் "என்ற சீர் இதுதான்" என்று சொல்லி காசு வாங்காமல் முழு செட்டையும் டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்து, மண்டபத்துக்குப் பின்னால் இருந்த தென்னந்தோப்பில் இறக்கினார். நாலு பாக்ஸ், ரெண்டு பேஸ், மரத்துக்கு மரம் சீரியல் பல்ப். எட்டு மணிக்கு ஆரம்பித்தார். அவர் ஆரம்பிப்பது எப்போதும் மெதுவாகத்தான். பெரியவர்கள் பந்தியில் இருக்கும்போது சத்தம் காதைக் கிழிக்கக் கூடாது என்பார். ராஜா பாட்டில் நாலு, அப்புறம் கொஞ்சம் தாளம் கூடியது, அப்புறம் ஒரு பழைய மலையாளக் கல்லூரிப் பாட்டு, அப்படிப் படிப்படியாக ஏற்றி ஒன்பதரைக்கு உச்சத்தில் கொண்டுபோய் வைப்பார். எனக்கு அந்த ஏற்றம் மனப்பாடம். பத்து வயதிலிருந்து கேட்கிறேன்.

எட்டரைக்கெல்லாம் பொடியன்கள் ஒவ்வொருவராக மொபைலை நீட்டிக்கொண்டு கன்சோல் பக்கம் வர ஆரம்பித்தார்கள். தாத்தா இது இருக்கா, தாத்தா அது போடுங்க. அவர் ரெண்டு மூன்றைப் போட்டார், ஆனால் முழுசாகப் போட்டார். முன்னிசை, பல்லவி, நடுவில் வருகிற வயலின், எல்லாம். ஆடிக்கொண்டிருந்தவர்கள் அந்த வயலினில் நின்றார்கள், மொபைலை எடுத்தார்கள், ஐஸ்கிரீம் பக்கம் போனார்கள். தரை காலி. அக்கா மகன், கோயம்புத்தூரில் காலேஜ் படிக்கிறவன், மெதுவாகப் பக்கத்தில் போய், "தாத்தா, கொஞ்ச நேரம் நான் பாக்கட்டுங்களா?" என்றான். மாமா ஒன்றும் சொல்லவில்லை. ஹெட்போனைக் கழற்றி அவன் கழுத்தில் மாட்டிவிட்டு நகர்ந்தார். பையன் லேப்டாப்பைச் சொருகி ஏதோ ஒன்றைத் தட்டினான். நாற்பது செகண்டில் அறுபது பேர் தரையில். ஐஸ்கிரீம் கப்போடு ஓடி வந்தவர்களும் உண்டு. மாமா பின்னால் போய் ஆம்ப்ளிஃபயர் பெட்டி மேல் உட்கார்ந்து, மிச்சம் கிடந்த ஒயரை முழங்கையில் சுற்ற ஆரம்பித்தார். நிகழ்ச்சி முடியும்போது செய்கிற வேலை அது. அப்போது மணி ஒன்பதுகூட ஆகவில்லை.

அடுத்த நாள் அக்கா மகனைப் பிடித்துக் கத்தினேன். மரியாதை தெரியாதா, வயசானவரை அப்படியா நகர்த்துவது என்றெல்லாம். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மாமா, தாத்தா நல்லாத்தான் போடறாரு. ஆனா எங்களுக்குப் போடல. உங்களுக்குப் போட்டாரு" என்றான். அதற்குப் பதில் சொல்ல வாயைத் திறந்து, பிறகு மூடிக்கொண்டேன்.

1962

மாமா பிறந்தது 1962. இதில் எனக்கு ஒரு தனி சுவாரஸ்யம் உண்டு, ஏனென்றால் உலகம் முழுக்கப் பேர் வாங்கிய இங்கிலாந்து டிஜே கார்ல் காக்ஸ் பிறந்ததும் அதே வருஷம். 2007 டிசம்பரில் கோவா காண்டோலிம் கடற்கரையில் சன்பர்ன் என்கிற டிஜே இசைத் திருவிழா முதல் தடவை நடந்தபோது பெங்களூரில் வேலையில் இருந்த நாங்கள் நாலு பேர் பஸ் ஏறிப் போனோம். எனக்கு 27. மேடையில் நின்ற காக்ஸுக்கு 45. அந்த வயதில் எங்கள் ஊரில் ஆட்கள் பஞ்சாயத்து பேச ஆரம்பித்துவிடுவார்கள், இந்த மனுஷன் வியர்வையில் குளித்துக்கொண்டு சிரித்துக்கொண்டே எங்களை ஆட்டி வைத்தார். இன்றைக்கு எனக்கு 45. அவருக்கு அறுபது தாண்டிவிட்டது, இன்னும் ஆட்டி வைத்துக்கொண்டிருக்கிறார். ஸ்பெயினின் இபிசா தீவில் ஸ்பேஸ் என்கிற கிளப்பில் பதினைந்து வருஷம் ஒவ்வொரு கோடையும் வாசித்து, 2016-ல் அந்த கிளப்பே மூடியபோதுதான் அந்த வரிசையை முடித்தார். அதற்குப் பிறகும் சும்மா இல்லை. அறுபதை நெருங்கும்போது, மற்றவர் பாட்டை மட்டும் கலப்பது போதாது என்று டிரம் மெஷின், சிந்தசைசர் எல்லாம் மேடைக்கு ஏற்றி நேரடியாக வாசிக்க ஆரம்பித்தார்.

இந்த மாதிரி ஆட்களை வைத்து எனக்கு நானே கொஞ்ச நாள் வாதம் செய்துகொண்டிருந்தேன். வயசு ஒரு பொருட்டே இல்லை என்று நிரூபிக்க ஆள் தேடினால் கிடைக்காமலா போகும்? டோக்கியோவில் ஒரு பாட்டி, சுமிராக் என்று பெயர் வைத்துக்கொண்டவர், எழுபதைத் தாண்டிய பிறகு டிஜே வேலை கற்றுக்கொண்டு 2018-ல் 83 வயதில் கின்னஸில் இடம் பிடித்தார். பகலில் உணவுக்கடை, ராத்திரியில் கிளப். கோவாவில் கில் என்று ஒருவர் இருந்தார், 2023-ல் 72 வயதில் சாகும்வரை டிஜேதான், ஒரே ஆள் இருபத்துநாலு மணி நேரம் நிறுத்தாமல் வாசிக்கிற ஆள். பிரான்ஸ் டிஜே டேவிட் கெட்டாவுக்கு ஐம்பத்தைந்துக்கு மேல் ஆகிவிட்டது. 2011-ல் 'டிஜே மேக்' பத்திரிகையின் வாசகர் ஓட்டில் உலகின் முதல் டிஜே என்று வந்தவர், 2020, 2021, 2023 என்று திரும்பத் திரும்ப அதே இடத்துக்கு வந்தார்.

ஆனால் எனக்கு உண்மையில் நெருக்கமானவர் சரண்ஜித் சிங். பம்பாயில் சினிமா இசைக்குழுவில் வாசித்தவர். 1982-ல் ஜப்பானிலிருந்து புதிதாக வந்திருந்த ரோலண்ட் கம்பெனியின் 303 என்கிற பேஸ் சிந்தசைசர், 808 என்கிற டிரம் மெஷின் இரண்டையும் வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஒரு ரெக்கார்டு போட்டார். யாரும் சீண்டவில்லை. அஞ்சு வருஷம் கழித்து சிகாகோவில் அதே 303-ஐ முறுக்கி 'ஆசிட் ஹவுஸ்' என்று ஆட்டப் பாட்டில் ஒரு வகையே பிறந்தது, அங்கே யாருக்கும் இவரைத் தெரியாது. 2010-ல் அந்த ரெக்கார்டு மறுபடி வெளியானது. எழுபதைத் தாண்டிய வயதில் ஐரோப்பாவில் இருபது வயசுப் பிள்ளைகள் முன்னால் அதே ராகங்களை வாசித்துவிட்டு 2015-ல் போய்ச் சேர்ந்தார். இது என்ன கணக்கு? நாற்பதுகளில் இருந்தபோது இளைஞர்களுக்கு வேண்டாதவர், கிழவரானபோது வேண்டியவர். இவரை எடுத்துக்காட்டாக வைத்துப் பேசினால் என் வாதமே குழம்பிவிடுகிறது.

அதைவிட, இந்த ஆட்கள் யாரும் மாமா இல்லை. காக்ஸைப் பார்க்க ஆட்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு போகிறார்கள், நானும் பஸ் ஏறிப் போனேன். மாமாவிடம் யாரும் போவதில்லை. மாமா அவர்கள் வீட்டுக்குப் போகிறார்.

தவில் துண்டு

இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். எங்கள் பக்கத்தில் கல்யாணம் என்றால் பாதிக்குப் பாதி ரெண்டு மொழி. பெண் வீடு பள்ளிக்கூடத்தில் தமிழ் படித்தது, மாப்பிள்ளை வீடு மலையாளம் படித்தது, சமையல்காரர் பொள்ளாச்சி, பூக்காரர் பாலக்காடு. மாமாவின் முழு வித்தையும் இதற்குள்தான் இருந்தது. தொண்ணூறுகளில் ஒரு கூட்டத்தில் தமிழ்ப் பாட்டு அஞ்சு தொடர்ந்து போனால் அந்தப் பக்கத்து அம்மாவன் ஒருவர் எழுந்து வந்து "எந்தா, ஞங்ஙள்க்கு ஒந்நும் இல்லே?" என்று கேட்பார். மலையாளம் நாலு போனால் இந்தப் பக்கத்துப் பெரியப்பா முகம் தூக்குவார். எத்தனைக்கு எத்தனை, எப்போது மாற்றுவது, எந்த நடிகர் பாட்டில் ரெண்டு பக்கமும் சேர்ந்து எழும், கள்ளு உள்ளே போன பிறகு கணக்கு எப்படி மாறும், இதெல்லாம் மாமாவுக்கு விரல் நுனி.

தாளத்திலும் ஒரு சிக்கல் உண்டு. குத்துப் பாட்டுகள் பல மூன்று மூன்றாக, தகிட தகிட என்று ஓடும். மேற்கத்திய ஆட்டப் பாட்டும் அதை ஒட்டி வந்த சினிமாப் பாட்டும் நாலு நாலாகப் போகும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நேராகத் தாவினால் ஆடுகிறவன் கால் தடுக்கும். வேகத்தைக் கூட்டிக் குறைத்தெல்லாம் இதைச் சரிசெய்ய முடியாது, நடையே வேறு. மாமா ஒரு பழைய கேசட்டிலிருந்து பத்து செகண்ட் தவில் மட்டும் வெட்டி எடுத்து வைத்திருந்தார். தவில் நாலில் ஆரம்பித்து மூன்றில் போய் முடியும். நடுவில் அதைப் போட்டால் கூட்டம் தன்னை அறியாமல் கால் மாற்றிக்கொள்ளும். அந்தத் தவில் துண்டை அவர் யாருக்கும் காப்பி கொடுத்ததில்லை. கோயம்புத்தூரிலிருந்து ஒரு ஆள் ஆயிரம் ரூபாய் தருகிறேன் என்று கேட்டும் கொடுக்கவில்லை என்று அத்தை பெருமையாகச் சொல்வார். (எவ்வளவு உண்மையோ. அத்தை சொல்வதில் பாதியை எடுத்துக்கொள்ளலாம்.)

அப்புறம் நோட்டு. மாமாவிடம் நீள அளவு கணக்கு நோட்டுகள் ஏழெட்டு உண்டு. நிகழ்ச்சி முடிந்து வீட்டுக்கு வந்ததும், எத்தனை மணியானாலும், ஊர், வீடு, எத்தனை பேர், எந்தப் பாட்டில் எழுந்தார்கள், எதில் உட்கார்ந்தார்கள் என்று எழுதிவிட்டுத்தான் படுப்பார். "எருத்தேம்பதி. பொண்ணு வீடு தமிழ். 9.40 ஏறுச்சு. தேவா கானா ரெண்டாவது போட்டதும் அம்மாவன்மாரும் வந்தாச்சு." இப்படி.

கல்யாணத்துக்குப் பிறகு சும்மா யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் ஒன்று உறைத்தது. அக்கா மகன் அன்றைக்குப் போட்டதில் தமிழ் எது, மலையாளம் எது என்று ஒருத்தனும் கணக்குப் பார்க்கவில்லை. மாப்பிள்ளை வீட்டு மலையாளப் பையன்கள்தான் தமிழ்க் குத்துக்கு முதலில் குதித்தார்கள். எங்கள் வீட்டுப் பெண்கள் மலையாளப் பாட்டை ஒரு வரி விடாமல் கூடவே பாடினார்கள். இவர்கள் எல்லோரும் ஒரே மொபைலில் ஒரே ரீல்ஸ் பார்த்து வளர்ந்தவர்கள். மாமா முப்பது வருஷமாக ஒரு பாலம் கட்டிக் காவல் காத்தார், கீழே ஆறு வற்றிவிட்டது. அவர் வித்தை மோசமாகவில்லை. அந்த வித்தை தீர்த்துவைத்த பிரச்சினை இப்போது இல்லை. வெளியூர் டிஜேக்களுக்கும் இதே கதை நடந்ததுதான். ரெண்டு ரெக்கார்டின் வேகத்தைக் காதால் கேட்டு, விரலால் நகர்த்தி ஒன்றாக ஓடவைப்பது ஒரு காலத்தில் வருஷக்கணக்கில் பழகுகிற வேலை. இப்போது 'சிங்க்' என்று ஒரு பட்டன்.

இன்னொரு காரணமும் இருக்கிறது, அதை யாரும் பேசுவதில்லை. திறந்த வெளியில் இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ல் விதி வந்தது. அதற்கு முன்னால் மாமாவின் ராத்திரி ரெண்டு மணிவரை போகும். இப்போது போலீஸ் வந்து நிற்குமோ என்று ஒன்பது அம்பதுக்கே எல்லோரும் வாட்சைப் பார்க்கிறார்கள். ஆறு மணி நேர ராத்திரியில் ஒருவன் மெதுவாக ஏறலாம். ரெண்டு மணி நேரத்தில் எங்கே ஏறுவது? பையன்கள் ஒரு பாட்டை நாற்பது செகண்டில் முடிக்கிறார்கள் என்று நாம் அவர்களைத் திட்டுகிறோம். அவர்களுக்குக் கிடைத்த ராத்திரியே அவ்வளவுதான்.

இலஞ்சி மரத்தடியில்

சித்திரையில், அந்தப் பக்கத்துக் கணக்கில் மேடம் மாதம், திருச்சூர் பூரத்துக்கு அக்கா மகனையும் அவன் கூட்டாளிகள் ரெண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போனேன். உண்மையைச் சொன்னால் அவர்கள்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள், பெட்ரோல் மட்டும் என்னுடையது. மத்தியானம் ரெண்டு மணிக்கு வடக்குந்நாதன் கோயில் மதிலுக்குள் இலஞ்சித்தற மேளத்துக்காக நின்றபோது காலை அசைக்க இடமில்லை. மேலே வெயில், கீழே சுடுமணல், முன்னால் இருந்த ஆளின் முதுகு வியர்வை என் சட்டையில். செண்டை, இலைத்தாளம், கொம்பு, குறுங்குழல் என்று இருநூறுக்கு மேல் வாத்தியங்கள். பாண்டி மேளம். ஆரம்பத்தில் அது எவ்வளவு மெதுவாகப் போகும் என்று கேட்டவர்களுக்குத் தெரியும். பெரிய பெரிய அடி, நடுவில் நீளமான இடைவெளி, யாருக்கும் அவசரமே இல்லாத மாதிரி. இதற்குள் இவன்கள் மொபைலை எடுத்துவிடுவான்கள் என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

எடுக்கவில்லை. ரெண்டரை மணி நேரம். காலம், அதாவது தாளத்தின் வேகம், மாறுகிற ஒவ்வொரு இடத்திலும் கூட்டத்தோடு கூட்டமாக மூன்று பேரின் கையும் மேலே போனது. ஒரு இடத்தில் பிரமாணி கோலைத் தூக்குவதற்கு அரை நொடி முன்னாலேயே அக்கா மகன் கை தூக்கிவிட்டான். மேளத்தை நடத்துகிற பிரமாணி யார் தெரியுமா? 1999-லிருந்து இருபது வருஷத்துக்கு மேல் பெருவனம் குட்டன் மாரார் அந்த இடத்தில் நின்றார். 2023-ல் அவரிடமிருந்து அது கிழக்கூட்டு அனியன் மாராருக்குப் போனது, அப்போதே அவருக்கு எழுபது தாண்டியாச்சு. இளைஞர்கள் வரவேண்டும் என்று ஒரு இளைஞரைக் கொண்டுவந்து நிறுத்தவில்லை, அறுபதுகளில் இருந்தவரிடமிருந்து அவரைவிடப் பெரியவரிடம் போனது. கீழே கை தூக்கிக் குதிப்பவன் எல்லாம் இருபது வயசு.

திரும்பி வரும்போது ஆலத்தூரில் ஒரு கடையில் பொறோட்டா சாப்பிட்டுக்கொண்டே கேட்டேன். ஏன்டா, தாத்தா பாட்டு ரெண்டு நிமிஷம் மெதுவாப் போனா ஐஸ்கிரீம் சாப்பிடப் போறீங்க, இங்க வெயிலில் ரெண்டரை மணி நேரம் எப்படி நிக்கறீங்க? அக்கா மகன் யோசிக்கவே இல்லை. "அங்க யாரும் போய்ப் பாட்டுக் கேக்க முடியாதுல்லங் மாமா."

நான் எத்தனையோ பேரிடம் பேசிப் பார்த்தேன், இதைவிட நேரான பதிலை யாரும் சொல்லவில்லை. அந்த மாராரிடம் போய் மொபைலை நீட்டி இதைக் கொஞ்சம் வாசிங்க என்று யாராவது சொல்வார்களா? கூட்டம் அவர் கையில் தன்னைக் கொடுத்துவிட்டு நிற்கிறது. அடுத்து என்ன வரும் என்று அதற்குத் தெரியும், எப்போது வரும் என்பதை மட்டும் அவரிடம் விட்டுவிட்டது. கில்லுக்கும் காக்ஸுக்கும் கிடைத்தது அதுதான். எங்கள் மாமாவுக்கு அது ஒரு நாளும் கிடைத்ததில்லை. நாற்பது வருஷமும் அவர் கேட்டதைப் போடுகிற ஆள்தான். அப்போது கேட்டவர்கள் அவர் வயசுக்காரர்கள், அவ்வளவுதான் வித்தியாசம் என்று நினைத்தேன். அந்த 'அவ்வளவுதான்' எவ்வளவு பெரியது என்று ஆடி மாதத்தில்தான் தெரிந்தது.

குடோனில்

ஆடி, அந்தப் பக்கத்துக் கணக்கில் கர்க்கடகம், கல்யாணம் இல்லாத மாதம். மழை கூரைத் தகரத்தில் அடித்துக்கொண்டே இருக்கும். மாமா குடோனில் செட்டைப் பிரித்துப் போட்டு, ஒவ்வொரு ஸ்பீக்கர் கோனையும் துணியால் துடைத்து, எலி கடித்த ஒயரை மாற்றிக்கொண்டிருப்பார். நான் ஆறுதல் சொல்லப் போனேன். ஆறு மாதம் தாமதமாக. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் அன்றைக்கு வரவேற்பில் பையன் பண்ணியது தப்பு என்று நேராகவே சொல்லிவிட்டேன். காக்ஸ் உங்கள் வயசுதான், இன்னும் வாசிக்கிறார் என்றும் சொன்னேன். அவருக்கு காக்ஸ் யார் என்று தெரியாது. மொபைலில் காட்டினேன். ரெண்டு நிமிஷம் பார்த்துவிட்டு, "நல்ல உடம்பு" என்றார். அப்புறம் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார்.

"மாப்ள, எனக்கு இருபத்தஞ்சு வயசுல கூட்டத்தைப் படிக்கத் தெரியும்னு ஒரு திமிரு இருந்துச்சு. இவங்களுக்கு என்ன வேணும்னு பாத்தாலே சொல்லிருவேன்னு. ஒரு மண்ணும் படிக்கல. எனக்கு என்ன புடிச்சுதோ அதைப் போட்டேன், அவங்களுக்கும் அதேதான் புடிச்சுது. நானும் அந்தக் கூட்டத்துல ஒருத்தன். மெஷினு என் கையில இருந்துச்சு, அவ்ளோதான். உன்ற அக்கா பையன் இப்ப பண்றானே, அதேதான். அவன் ஒண்ணும் படிக்கல, அவனுக்குப் படிக்கவே தேவையில்ல."

அப்போ நோட்டு எல்லாம் என்ன என்றேன். அவர் எழுந்துபோய் மர அலமாரியிலிருந்து முதல் நோட்டை எடுத்துக் கொடுத்தார். பிரித்துப் பார்த்தேன். முதல் தேதி 2003. நான் இத்தனை வருஷமும் அவர் ஆரம்பத்திலிருந்தே எழுதிக்கொண்டிருக்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன். 2003-ல் அவருக்கு 41.

"அந்த வருஷம் கோபாலபுரத்துல ஒரு கல்யாணம். நான் போட்ட பாட்டுக்கு நான் மட்டும்தான் தலையாட்டிட்டு இருந்தேன். அன்னைக்கு ராத்திரி வந்துதான் எழுத ஆரம்பிச்சேன். அதுக்கு முன்னால எழுத என்ன இருக்குது?"

மழை கொஞ்சம் பலத்தது, கதவைச் சாத்தப் போனார். நான் நோட்டுகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு என் வாதம் முழுக்கத் தலைகீழாகத் தெரிந்தது. பழைய டிஜேக்கள் இளைஞர்களோடு ஒட்டி நிற்க முடியுமா என்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன், ஏதோ அது இருந்து தேய்ந்து போகிற ஒரு பலம் மாதிரி. மாமா சொல்வதைப் பார்த்தால் இளமையில் அப்படி ஒரு பலம் கிடையவே கிடையாது, இனாமாகக் கிடைக்கிற இடம் மட்டும்தான். அது போன பிறகு ஆளுக்கு ஆள் ஒரு வழி. கெட்டா மாதிரி ஒவ்வொரு நாலு வருஷமும் புதுப் பையன்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்து அவர்களோடு சேர்ந்து செய்யலாம். எனக்கு அந்தப் பாட்டுகள் அவ்வளவாகப் பிடிக்காது, ஆனால் அதற்குப் பின்னால் மாமாவின் நோட்டு மாதிரி ஒரு நோட்டு எங்கேயோ இருக்கவேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. காக்ஸ் மாதிரி தன் இடத்தில் நின்று புது மெஷினைக் கற்றுக்கொள்ளலாம். அல்லது மாமா மாதிரி, தோற்றாலும் ராத்திரி வந்து எழுதி வைக்கலாம்.

எனக்கு உறுத்தியது மாமா நகர்த்தப்பட்டது இல்லை என்பதும் அப்போதுதான் லேசாகத் தெரிந்தது. அவர் முகத்தில் அன்றைக்கு வருத்தம் எதுவும் இருந்ததாக நினைவில்லை. ஒயர் சுற்றிக்கொண்டே அவர் கூட்டத்தின் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். என் பாட்டு பாதியில் நின்றது. என் ஒன்பதரை மணி உச்சம் வரவே இல்லை.

கடைசி நோட்டை எடுத்து எங்கள் வீட்டுக் கல்யாணப் பக்கத்தைத் தேடினேன். இருந்தது. மாமாவின் கோழிக்கிறுக்கல் கையெழுத்து.

"நம்ம வீடு. தோப்பு. 8.05 ஆரம்பம். 8.50 தரை காலி. 8.52 பையன் எடுத்தான். 8.53 நிறைஞ்சுது. 9.55 நிறுத்தம்." அதற்குக் கீழே அவன் போட்ட பாட்டுகளின் பட்டியல், பதினெட்டோ இருபதோ, காதில் விழுந்த முதல் வரியை வைத்து எழுதியது, பாதி எழுத்துப்பிழை. ஏழு பாட்டுக்கு நேராக டிக். தவில் துண்டு எங்கே செருகலாம் என்று ரெண்டு இடத்தில் பென்சில் கோடு. அதற்கும் கீழே, உட்கார்ந்திருந்தவர்கள் கணக்கு: "பெருசுக 12. கைக்குழந்தைக்காரி 2. சமையல்காரர். மாப்ள."

"என்னை ஏனுங் மாமா தனியா எழுதி வெச்சிருக்கீங்க?" என்றேன்.

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி அந்தப் பக்கத்தைப் பார்த்தார். "பெருசுகள்ல சேக்கறதா வேண்டாமான்னு தெரியல மாப்ள. அடுத்த கல்யாணத்துல பாத்துட்டு எழுதிக்கலாம்னு உட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டு ஸ்க்ரூடிரைவரைத் தேட ஆரம்பித்தார்.